ஒன்பதடிக் கைகள்

சுவரில் இருந்தவை அம்மாவின் கைகள். முகம்தான் வேறு யாருடையதோ.

ரோஷெல் ரஃபின் காரை நடுச் சாலையிலேயே நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை ஒரு மூச்சு அழுத்தி, கண்ணாடியை இறக்கி, "தூக்கம் வந்தா வீட்டுக்குப் போய்ப் படும்மா!" என்று கத்திவிட்டு விலகிப் போனான். அவள் காதில் அது விழவே இல்லை.

ஹூஸ்டனின் தெற்குப் பக்கம். குல்லன் ரோடு. அவளுடைய அண்ணன் மார்செலஸ் ஒரு காலத்தில் கார் ரிம் விற்ற கடையின் பக்கவாட்டுச் சுவர். அதில் ஒன்பதடி உயரத்துக்கு இரண்டு கைகள். விரல் முட்டிகளில் வெடிப்பு. இடது மணிக்கட்டில், பின்னல் நுனியில் கட்ட வைத்திருக்கும் நீல ரப்பர் பேண்டு. விரல்களுக்கு நடுவே பாதி போட்ட பின்னல். கைகளுக்கு மேலே, சர்ச் தொப்பியோடு மிஸ் எர்லீன் பெட்டவேயின் சிரித்த முகம். பக்கத்தில் அவர் மகன், பாடகன் டேவியோ. செத்து இருபது வருடமாகியும் இன்னும் இருபத்தேழு வயதிலேயே நிற்கிற டேவியோ.

கீழே நாலு வரி:

அஞ்சு மணி பஸ்ஸுக்கு அம்மா நிக்கிறா,
ஆஸ்பத்திரித் தரைக்கு ரெண்டு கைய விக்கிறா;
பின்னல் போட உக்காந்தா பிளீச்சு நெடி, கண்ணு எரியுது,
எரிஞ்சாத்தான் எனக்கு அவ வீடு வந்தது தெரியுது.

அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: 'டேவியோ, தன் அம்மாவுக்கு எழுதியது.'

ரோஷெல் காரை ஓரம் கட்டி இறங்கினாள். சாரத்தின் மேல் பலகையில் உட்கார்ந்து கட்டைவிரல் நகத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான் ஓவியன் டெஸ்மண்ட். முப்பது வயது இருக்கும். காதில் பென்சில்.

"தம்பி, இந்த வரியெல்லாம் யாரோடது?"

"என்ன ஆன்ட்டி, இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இப்படிக் கேக்கறீங்க? இந்தப் பாட்டு தெரியலன்னா ஹூஸ்டன்ல தண்ணி கனெக்‌ஷனே குடுக்க மாட்டான். இந்தக் கையே அந்த வரியை வச்சு வரைஞ்சதுதான்."

"டேவியோ தலையில என்னைக்காவது முடி பாத்திருக்கியா?"

டெஸ்மண்ட் யோசித்தான். திரும்பித் தான் வரைந்த முகத்தையே ஒருமுறை பார்த்துக்கொண்டான். "மொட்டைதான். சின்ன வயசு போட்டோலகூட மொட்டைதான்."

"அப்ப யாருக்குப்பா பின்னல் போட்டாங்க?"

"அது வந்து... கவித்துவம் ஆன்ட்டி. நெட்ல இதுக்கு பெரிய விளக்கமே இருக்கு. பின்னல்னா அடிமைக் காலத்துலருந்து வர்ற நம்ம வரலாறு, அப்படின்னு ஒருத்தர் நாப்பது நிமிஷம் பேசியிருக்கார்."

"பின்னல்னா பின்னல்தான்," என்றாள் ரோஷெல்.

அவன் சிரித்தான். "சனிக்கிழமை பன்னண்டு மணிக்குத் திறப்பு விழா. மேயர் ஆபீஸ்லருந்து வராங்க. கண்டிப்பா வாங்க."

அன்று செவ்வாய்க்கிழமை.

*

மார்செலஸின் கராஜில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஏதோ ஒரு யுனிவர்சிட்டி நூலகத்துக்குப் போகிற பெட்டிகள். போஸ்டர்கள், டி-ஷர்ட்டுகள், கேசட் அட்டைகள், துருப்பிடித்த ஒரு மைக். அவன் நடத்திய பாட்டுக் கம்பெனி 'லோ வாட்டர் ரெக்கார்ட்ஸ்' பெயரில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். ஒரிஜினல் டேப்புகள் அத்தனையும் ரெண்டு வருடத்துக்கு முந்தைய பெரிய வெள்ளத்தில் ஊறி, பாசி பிடித்து, குப்பை வண்டியில் போய்ச் சேர்ந்துவிட்டன.

"சுவரைப் பாத்தேன்," என்றாள் ரோஷெல்.

மார்செலஸ் பெட்டிக்கு ஒட்டுநாடா இழுத்துக்கொண்டே, "நல்லா வந்திருக்குல்ல? அந்தப் பையனுக்கு நல்ல கைத்திறன்," என்றான்.

"அது யார் கை மார்சி?"

ஒட்டுநாடாவின் சத்தம் நின்றது.

"ஷெல், ஆரம்பிக்காத."

"யார் கைன்னு கேட்டேன். உன் மூக்கைத் தொடச்சு விட்ட கைடா அது. உனக்கே தெரியலையா?"

லோ வாட்டர் வளர்ந்த கதையைத் தெற்கு ஹூஸ்டனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரிம் கடையின் பின்னறை. சத்தம் அடங்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டர் ஒன்று. டெக்சஸ் என்றால் மாடும் தொப்பியும்தான் என்று நியூயார்க் கம்பெனிகள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. மார்செலஸ் எவன் கதவையும் தட்டவில்லை. கேசட்டுகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு முடிவெட்டும் கடை, கார் கழுவும் இடம், சர்ச்சுக்கு எதிரே இருக்கும் கோழிக்கடை என்று சுற்றினான். ஒரே வருடத்தில் நிலைமை தலைகீழ். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ரிம் கடை வாசலில் கார்கள் குல்லன் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். மாநில எல்லை தாண்டி லூசியானாவிலிருந்துகூட வருவார்கள். போலீஸ்காரன் கூட்டத்தைக் கலைக்க வந்து, ரெண்டு கேசட் வாங்கிக்கொண்டு போவான்.

அந்த ஊருக்கு ஒரு பழக்கம். பாட்டை உள்ளபடி கேட்க மாட்டார்கள். டேப்பின் வேகத்தை இறக்கி, தாளம் தொய்ந்து, குரல் உருகிய தார் மாதிரி ஒழுக ஆரம்பித்த பிறகுதான் காரில் போடுவார்கள். மிட்டாய்ப் பளபளப்பில் பெயின்ட் அடித்த கார், நடந்து போகிறவனைவிட மெதுவாக நகரும். அதற்குத் தோதாக மெதுவான பாட்டு. மற்ற கம்பெனிகள் ரெண்டு வேகத்திலும் கேசட் போட்டன. மார்செலஸ் ஒரே வேகம்தான். "வேகமா கேக்கணும்னா நியூயார்க்குக்குப் போய்க் கேளு," என்பான். லோ வாட்டர் பாட்டின் அசல் வேகம் என்னவென்று அந்தப் பின்னறைக்கு வெளியே ஒருத்தருக்கும் தெரியாது.

அங்கேதான் வினை பிறந்தது.

தொண்ணூற்றாறு ஆகஸ்ட். டேவியோவின் கேசட் திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். கடைசிப் பாட்டில் ஒரு பத்தி பாக்கி. டேவியோவோ போதைக்காக இருமல் மருந்தைச் சோடாவில் கலந்து குடித்துவிட்டு, வாசலில் காருக்குள் வாய் பிளந்து கிடந்தான். கல்லாவில் இருந்த தங்கச்சியை மார்செலஸ் கூப்பிட்டான். "ஷெல், நீ சும்மா அளவுக்கு எதையாவது பாடி வை. நாளைக்கு அவன் வந்து அது மேல பாடிக்குவான்."

ரோஷெல்லுக்கு அப்போது இருபத்திரண்டு. நோட்டுப் புத்தகத்தில் அவள் எழுதி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் தரை துடைத்த அம்மாவைப் பற்றியது. ஒரே மூச்சில் பாடினாள்.

மறுநாளும் டேவியோ எழுந்திருக்கவில்லை. மார்செலஸ் பெருமூச்சு விட்டு, வேகத்தை இறக்கும் குமிழைத் திருகினான். தங்கையின் குரல் படி இறங்கி, இன்னொரு படி இறங்கி, கனத்து, கரகரத்து, ஆண் குரலாக வந்து நின்றது. அச்சு அசல் டேவியோ. மார்செலஸ் குமிழிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கேசட் வெளிவந்த அன்று டேவியோ காரில் அதைப் போட்டுக் கேட்டான். "டேய் மார்சி, நான் எப்படா இதைப் பாடினேன்?" என்று நிஜமாகவே கேட்டான். சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். கடைசி வரை அந்தப் பத்தியை அவன் மனப்பாடம் செய்யவே இல்லை. மேடையில் அந்த இடம் வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவான். கூட்டம் பாடும். என்ன அடக்கம், என்ன பெருந்தன்மை என்று பத்திரிகைகள் எழுதின.

"அடுத்த டேப் உன்னோடது" என்று மார்செலஸ் சொன்னான். அடுத்ததும் டேவியோவுடையதாக இருந்தது. அதற்கடுத்து டேவியோவின் சாவு. அப்புறம் கம்பெனியே இல்லை. எட்டு வருடத்துக்கு முன் ஒருமுறை ரோஷெல் இணையத்தில் உண்மையை எழுதிப் பார்த்தாள். எவனோ கேசட்டை வேகமாக ஓட்டிப் போட்டான். பெண் குரல் வந்தது. "எந்த ஆம்பளையையும் வேகமா ஓட்டுனா பொம்பளதான். இன்னும் கொஞ்சம் ஓட்டுனா அணில்" என்று ஒருத்தன் பதில் எழுத, ஐயாயிரம் பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டாள். பழுதாகி நின்ற வண்டிகளை இழுத்துப் போகும் கம்பெனி ஒன்றில் ஃபோன் எடுக்கிற வேலை. "எந்த இடம், என்ன கார்?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பாள். அந்தக் குரலுக்கு அது போதும் என்றிருந்தாள்.

ஆனால் சுவர் வேறு விஷயம்.

"என் பேர் போகட்டும் மார்சி. அம்மா கைக்கு மேல இன்னொருத்தி தலையை வச்சிருக்கீங்களே, அதுக்கு என்ன சொல்ற?"

மார்செலஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். அறுபதைத் தொடப்போகிற ஆள். முழங்கால் இரண்டும் போய்விட்டது. "பதினோரு டேப் போட்டேன் ஷெல். பத்து டேப் எவனுக்கும் ஞாபகமில்ல. அந்த ஒரு பாட்டுதான் லோ வாட்டர். அது டேவியோ இல்லன்னு ஆயிட்டா, நான் யாரு? டேப் குமிழைத் திருகி ஊரை ஏமாத்தின ரிம் வியாபாரி."

"மிஸ் எர்லீனுக்கு எழுதினதுன்னு முதல்ல கிளப்பி விட்டது யாரு?"

"சாவு வீட்டுல யாரோ... அந்தம்மா அழுதுக்கிட்டிருந்தாங்க. ஆறுதலுக்கு..."

"யாரோன்னா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நீதான்," என்றாள் ரோஷெல். "நம்ம அம்மா அப்ப உயிரோடதான் இருந்தா மார்சி. அந்தச் சாவுக்கு உருளைக்கிழங்கு சாலட் செஞ்சு எடுத்துக்கிட்டு வந்தா. அவ அங்க தட்டோட நிக்கும்போதே அவ பாட்டைத் தூக்கி இன்னொருத்திக்குக் குடுத்திருக்க."

மார்செலஸ் ஒட்டுநாடாவின் நுனியைத் தேடினான்.

"சனிக்கிழமை மேடையில ஏறிச் சொல்லப்போறேன்."

"மிஸ் எர்லீனுக்கு எண்பத்திரண்டு வயசு," என்றான் மார்செலஸ் மெதுவாக. "முதல்ல அவங்க வீட்டுக்குப் போ. அவங்க முகத்தைப் பாத்து இதைச் சொல்லு. சொல்ல முடிஞ்சா, சனிக்கிழமை மைக்கை நானே உன் கையில குடுக்கறேன்."

சொல்ல முடியாது என்று நினைத்தான்.

*

வியாழக்கிழமை மத்தியானம். மிஸ் எர்லீன் வீட்டு சோஃபாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. உட்கார்ந்தால் தொடையில் ஒட்டியது. சுவர் முழுக்க டேவியோ. டேவியோ படம் போட்ட டி-ஷர்ட்டைக்கூடக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

"டீ கேக் சாப்பிடு. காலைல போட்டது. எங்க, உங்கண்ணன் வரலையா? காலு வலியா? அவனை எடையைக் குறைக்கச் சொல்லு, காலு தானா நடக்கும்."

ரோஷெல் ஒரு டீ கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். கடிக்கவில்லை. "மிஸ் எர்லீன், டிவில நீங்க பேசினதைப் பாத்தேன். அந்த பஸ் பத்தி."

"ஆமா கண்ணு. அந்த பஸ்ஸுதான். அஞ்சு மணிக்கு. ஆஸ்பத்திரித் தரை துடைக்க. வந்து புள்ளைக்குத் தலை..." அவர் கை காற்றில் பின்னல் போடுவது போல அசைந்தது. பாட்டில் இருந்த அத்தனையும் வந்தது. பாட்டில் இல்லாத ஒன்றுகூட வரவில்லை.

"அந்த பஸ் எந்த ஸ்டாப்புல திரும்பும்?"

கை நின்றது. வயதான கண்கள் ரோஷெல்லின் மேல் நிலைத்தன.

ரோஷெல் சொல்லிவிட்டாள். நீட்டாமல், இழுக்காமல். ஆகஸ்ட் மாதம், கார், நோட்டுப் புத்தகம், குமிழ். அண்ணன் நினைத்ததற்கு மாறாக, குரல்கூட நடுங்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, கிழவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் ஓடிப்போய்த் தாங்க வேண்டுமே என்று சோஃபாவின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மிஸ் எர்லீன் சாயவில்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

ரோஷெல்லின் கையில் டீ கேக் நொறுங்கியது.

"முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் சமையலறையில வேலை பாத்தேன் கண்ணு. என் கையில வெங்காய வாசம்தான் அடிக்கும். பிளீச்சைத் தொட்டா எனக்குத் தோல் உரியும். என் புள்ள என்னைப் பத்தி ஒரு வரி எழுதினதில்ல. காரைப் பத்தி எழுதினான். ரிம்மைப் பத்தி எழுதினான். கப்புல ஊத்திக் குடிச்ச அந்தச் சனியனுக்கு மூணு பாட்டு எழுதினான். ஒவ்வொரு டேப்பு வரும்போதும் சமையலறைல ரேடியோப் பெட்டியை வச்சுக்கிட்டு முதல்லருந்து கடைசி வரைக்கும் கேப்பேன். வெங்காயம்னு ஒரு வார்த்தை வருமான்னு. வரல."

"தெரிஞ்சுமா டிவில..."

"சவப்பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். ஊரே என்னைப் பாத்துச்சு. 'புள்ளைய இப்படி விட்டுட்டாளே'ன்னு பாத்துச்சு. அப்ப உங்கண்ணன் வந்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னான். 'அந்தப் பாட்டு உங்களுக்கு எழுதினதும்மா'ன்னு. பாட்டைக் கேட்ட எனக்குத் தெரியாதா பொய்னு? ஆனா சுத்தி நின்னவங்க பார்வை அப்படியே மாறிச்சு பாரு! அது வரைக்கும் நான் குடிச்சுச் செத்தவனோட அம்மா. அதுக்கப்புறம் அந்தப் பாட்டோட அம்மா. எது வேணும்னு எவளைக் கேட்டாலும் சொல்லுவா."

"எங்கம்மாவுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் மிஸ் எர்லீன்."

"உங்கம்மாவுக்கு நீ இருக்க. எழுதின மகள். எனக்கு என்ன இருக்கு?" மிஸ் எர்லீன் டேவியோவின் டி-ஷர்ட்டைக் காட்டினார். "பருத்தித் துணி."

பிறகு கிழவியின் குரல் மாறியது. அதில் வயதும் இல்லை, நடுக்கமும் இல்லை.

"மேடையில ஏறப்போறியா? ஏறு. நான் முன் வரிசைல உக்காந்திருப்பேன். வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு, கைக்குட்டையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னு, பொய்னு சொல்லுவேன். அழுதுக்கிட்டே சொல்லுவேன். ஊரு யாரை நம்பும்னு நினைக்கற?"

ரோஷெல் எழுந்தாள். கால்கள் பிளாஸ்டிக்கிலிருந்து சர்ரென்று பிரிந்தன.

"உங்கண்ணனுக்கு நாலு டீ கேக் கட்டித் தரேன் இரு," என்றார் மிஸ் எர்லீன். "அவனுக்குப் பிடிக்கும்."

*

ரெண்டு நாள் யோசித்ததில் ரோஷெல்லுக்கு ஒன்று புரிந்தது. சொல்லி நிரூபிக்க முடியாது. வார்த்தைக்கு வார்த்தை, கண்ணீருக்குக் கண்ணீர் என்றால் கிழவி ஜெயித்துவிடுவாள். ஆனால் தொண்டை ஒன்று இருக்கிறது. அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் பாடுவது. ஊர் வாயடைத்து நிற்கும்போது, அம்மாவின் பெயரைச் சொல்வது. சொல்ல வேண்டியது அந்த ஒரு பெயர்தான்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. குல்லன் ரோட்டின் இருபுறமும் சிவப்பு, பச்சை, ஊதா என்று மிட்டாய்க் கார்கள். டிக்கிகள் திறந்திருந்தன. ஒவ்வொரு டிக்கிக்குள்ளும் டேவியோ பெயர் விளக்கெழுத்தில் மின்னியது. பார்பெக்யூ புகை. எழுநூறு, எண்ணூறு பேர் இருக்கும். ஜப்பானிலிருந்து ஒருத்தன் லோ வாட்டர் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து, எல்லோருக்கும் தலை வணங்கிக்கொண்டிருந்தான்.

முன் வரிசையில் வெள்ளைத் தொப்பி. மடியில் கைக்குட்டை.

மேயர் ஆபீஸ் அம்மாள் பேசினார். யுனிவர்சிட்டிக்காரர் பேசினார். மார்செலஸ் பேசி முடித்துவிட்டு, கூட்டத்தில் தங்கையைத் தேடினான். அவள் நேராக மேடைப் படிக்கே வந்து நின்றாள்.

"போய்ச் சொல்லிட்டியா?" என்றான் தாழ்ந்த குரலில்.

"சொல்லிட்டேன்."

"அவங்க என்ன..."

"மைக்கைக் குடு மார்சி."

குடுத்தான். அது வரைக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

ரோஷெல் கண்ணை மூடினாள். இசை இல்லாமல், தாளம் இல்லாமல், தொண்ணூற்றாறில் பாடிய அதே வேகத்தில் ஆரம்பித்தாள். மெல்லிய, உயரமான, பஸ்ஸுக்கு ஓடுகிற குரல். 'அஞ்சு மணி பஸ்ஸுக்கு அம்மா நிக்கிறா...' மூச்சு எங்கே விட வேண்டும், எங்கே விடக் கூடாது என்பதெல்லாம் நேற்றுப் பாடிய மாதிரி வந்தது.

கூட்டத்தில் சலசலப்பு. புருவங்கள் நெரிந்தன. அந்த ஊர் அந்தப் பாட்டை அந்த வேகத்தில் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"மெதுவாம்மா! கேஸ் அடுப்பை அணைக்காம வந்துட்டியா?" என்று ஒருத்தன் கத்தினான். சிரிப்பு. "யாருக்கா அது, ரேஸுக்குப் போற மாதிரி பாடுது?" இன்னொரு சிரிப்பு.

அவள் நிறுத்தவில்லை. ரெண்டாவது வரி. மூன்றாவது. மேடை ஓரத்தில் நரைத்த தாடியோடு நின்ற டிஜேவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். நல்ல மனுஷன். உதவி செய்வதாக நினைத்து, அவள் மைக் இணைந்த மெஷினின் குமிழைப் பிடித்துக் குரலைக் கீழே இறக்கினான்.

எட்டுப் பெட்டி உயர ஸ்பீக்கர்களிலிருந்து டேவியோ பேசினான்.

'பின்னல் போட உக்காந்தா...'

தெருவே மூச்சை நிறுத்தியது. பார்பெக்யூக்காரன் கரண்டியைக் கீழே போட்டான். தன் குரல் அப்படி இறங்கியதைக் கேட்டு ரோஷெல்லும் தன்னையறியாமல் மெதுவானாள். வரி இழுபட்டு, உருகி, ஒழுகியது. அதே கரகரப்பு. அதே இடத்தில் அதே விக்கல். மார்செலஸ் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். சாரத்தடியில் நின்ற டெஸ்மண்டின் வாய் திறந்திருந்தது. அவன் ஸ்பீக்கருக்குப் பின்னால், அவளுக்கு ஆறடி தள்ளி நின்றான். அவனுக்கு ரெண்டு குரலும் கேட்டது.

பத்தி முடிந்தது.

இப்போது, என்று நினைத்தாள் ரோஷெல். இப்போது பெயர். அம்மாவின் பெயர்.

வாயைத் திறப்பதற்குள் கூட்டம் வெடித்தது.

"டேவியோ! டேவியோ!"

அழுதார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். போன்களை உயரத் தூக்கினார்கள். "இது என் குரல்!" என்று ரோஷெல் கத்தியது, இறக்கி வைத்த குமிழ் வழியாக டேவியோவின் குரலிலேயே வந்தது. கூட்டம் இன்னும் பெரிதாக ஆர்ப்பரித்தது. "நம்ம எல்லார் குரலும் அதுதாண்டி தங்கம்!" என்று முன்னாலிருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

ஊதாச் சட்டை போட்ட ஒரு தடியன் மேடையில் ஏறிவிட்டான். "டிஜே, அந்த மெஷினை அப்படியே வையி! எனக்கும் குடு, நானும் டேவியோ ஆயிக்கறேன்!" அவள் கையிலிருந்து மைக்கை மரியாதையாகத்தான் வாங்கினான். "தேங்க்யூ மேடம், அருமையா செஞ்சீங்க." பாடினான். அவன் குரலும் இறங்கி, கரகரத்து, டேவியோவாகத்தான் வந்தது. கொஞ்சம் மூக்கடைத்த டேவியோ. அவனுக்குப் பின்னால் ஒரு நர்ஸ். நர்ஸுக்குப் பின்னால் ஜப்பான்காரன். மேடைப் படியில் வரிசை நின்றுவிட்டது. ஊரில் எல்லோருக்கும் அந்தப் பத்தி மனப்பாடம். எல்லோரும் அந்தக் குமிழுக்குள் போய் டேவியோவாக வெளியே வந்தார்கள்.

ரோஷெல் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் கையில் இன்னொரு மைக் இருந்தது. ஓரா லீ ரஃபின் பெற்ற பிள்ளைகளில் அவளைத் தவிர மிச்சம் அவன் ஒருத்தன்தான். ஒரு வாக்கியம் போதும்.

"சொல்லுடா," என்றாள். சத்தம் வரவில்லை. உதடு அசைந்தது.

மார்செலஸ் அவளைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். 'டேவியோ, டேவியோ' என்று அலையடிக்கும் தெருவைப் பார்த்தான். இருபது வருடமாக எவனும் அவன் கடை வாசலில் இப்படி நின்றதில்லை.

மைக்கை உயர்த்தினான். "பாத்தீங்களாய்யா? செத்துட்டான்னு எவன் சொன்னான்? இதோ இருக்கான்! என் தங்கச்சி ஷெல்லுக்கு ஒரு கை தட்டுங்க. டேவியோவோட முதல் ரசிகை!"

கை தட்டினார்கள். நிஜமாகவே நன்றாகத் தட்டினார்கள்.

அவள் பின்பக்கமாக இறங்கினாள். டெஸ்மண்ட் குறுக்கே வந்தான். "ஆன்ட்டி... நான் கிட்டத்துல நின்னேன். எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சுல்ல? மேல ஏறிச் சொல்லு."

அவன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். மேயர் ஆபீஸ் அம்மாளைப் பார்த்தான். "இதுதான் ஆன்ட்டி எனக்கு முதல் பெரிய சுவர்," என்றான்.

சுவரை ஒட்டி, நிழலில் போட்ட நாற்காலிக்கு மிஸ் எர்லீன் இடம் மாறியிருந்தார். கைக்குட்டை மடித்த மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது. ரோஷெல்லின் விரல்களைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"பொய்னு சொல்ற வேலையே எனக்கு வைக்கல பாத்தியா," என்றார். "நல்ல குரல் கண்ணு உனக்கு. உங்கம்மா கேட்டிருக்கணும்."

"எங்கம்மா பேரு ஓரா லீ," என்றாள் ரோஷெல். "ஓரா லீ ரஃபின். உங்க புள்ள சாவுக்கு உருளைக்கிழங்கு சாலட் கொண்டு வந்தா. அவ கையை மாட்டிக்கிட்டு நிக்கறீங்க, பேரையாவது தெரிஞ்சு வச்சுக்கங்க."

மிஸ் எர்லீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இந்த வயசுல பேரெல்லாம் நிக்க மாட்டேங்குது," என்றார்.

படம் எடுக்கிறவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். அம்மா சுவர்ப் பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்கும், அந்தக் கை மேல் கை வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றான். மிஸ் எர்லீன் எழுந்து போய், வெடித்த முட்டியின் மேல் தன் உள்ளங்கையைப் பதித்தார். பழகிய சிரிப்பு வந்தது. மேடையில் யாரோ ஒரு டேவியோ மூன்றாவது வரியில் இருந்தான்.

"மேடம்," என்றான் படம் எடுக்கிறவன் ரோஷெல்லிடம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். எழுத்து மறைக்குது."

அவள் தள்ளி நின்றாள்.